ரோசெட்டியும் லேலண்டும்: ஓர் ஓவியரும் ஒரு கப்பல் முதலாளியும் எழுதிக்கொண்ட கடிதங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த இருவரும் யார்?

தாந்தே கேப்ரியல் ரோசெட்டி 1828-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா, அரசியல் காரணமாக இத்தாலியை விட்டுத் தப்பி வந்த கவிஞர். 1848-ல், இருபது வயதில், மில்லே, ஹோல்மன் ஹன்ட் முதலிய நண்பர்களோடு சேர்ந்து பிரீ-ராபேலைட் என்ற ஓவியர் குழுவைத் தொடங்கியவர்களில் ரோசெட்டியும் ஒருவர். படமும் வரைவார், கவிதையும் எழுதுவார். தங்கை கிறிஸ்டினா ரோசெட்டியும் கவிஞர். கவிதை என்று வந்தால் தங்கைதான் ஒரு படி மேல் என்பது என் கட்சி. அது வேறு கதை.

ஃபிரெடரிக் ரிச்சர்ட்ஸ் லேலண்ட் லிவர்பூல்காரர். வசதியில்லாத வீட்டுப் பிள்ளை. சிறு வயதிலேயே பிபி என்ற கப்பல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக ஏறிப் பங்குதாரராகி, 1873-ல் அந்தக் கம்பெனியையே தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். லிவர்பூலுக்கு வெளியே ஸ்பீக் ஹால் என்ற பழைய டூடர் கால மாளிகையை 1867 முதல் பத்தாண்டுகள் குத்தகைக்கு வைத்திருந்தார். அப்புறம் லண்டனில் 49, பிரின்சஸ் கேட். பியானோவில் தீராத ஆசை. வெளியாட்களிடம் அதிகம் பேசாத ஆள்.

1860-களின் நடுவிலிருந்து, 1882-ல் ரோசெட்டி இறக்கும் வரை இவர்களுக்குள் கடிதப் போக்குவரத்து இருந்தது. 1978-ல் ஓஹியோ பல்கலைக்கழக அச்சகம் அவற்றைத் தொகுத்துப் புத்தகமாகவே வெளியிட்டது.

படம் வாங்குகிறவர் நேரில் போய்ப் பார்த்து வாங்கலாமே, கடிதம் எதற்கு?

ரோசெட்டி கண்காட்சியில் படம் வைக்கமாட்டார். 1850-ல் விமரிசகர்கள் போட்டுத் தாக்கியதில் மனம் வெறுத்துப் போனவர், அதன்பின் லண்டனின் பொதுக் கண்காட்சிகள் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை என்று சொல்லிவிடலாம். அந்தக் காலத்தில் ஓவியருக்கு ராயல் அகாடமியின் வருடாந்திரக் கண்காட்சிதான் சந்தை. பெயர், விலை, பத்திரிகையில் நாலு வரி எல்லாம் அங்கேதான் கிடைக்கும். அதை ஒதுக்கிவிட்டால் பிழைப்புக்கு என்ன வழி?

ஏழெட்டுப் பணக்காரர்களைப் பிடித்து வைத்துக்கொண்டார். பெரும்பாலானவர்கள் வடக்கே தொழில் செய்தவர்கள். லிவர்பூல் லேலண்ட், பர்க்கன்ஹெட் வங்கியாளர் ஜார்ஜ் ரே, நியூகாசில் ஈயத் தொழிலதிபர் ஜேம்ஸ் லெதார்ட், கிளாஸ்கோ எம்.பி. வில்லியம் கிரஹாம். லண்டனிலிருந்து இவர்கள் ஊருக்குப் போகவே ரயிலில் அரை நாள் வேண்டும். 1840-ல் ஒரு பென்னி தபால் வந்தபிறகு கடிதம் எழுதுவது மலிவாகிவிட்டது. லண்டனுக்குள் ஒரே நாளில் பல தடவை தபால் பட்டுவாடா நடக்கும். காலையில் போட்ட கடிதத்துக்கு மாலைக்குள் பதில் வாங்கிவிடலாம். ஆக, மற்றவர்களுக்குக் கண்காட்சிச் சுவர் செய்த வேலையை ரோசெட்டிக்குத் தபால்காரர் செய்தார்.

அந்தக் கடிதங்களில் என்ன இருக்கிறது? கலைத் தத்துவமா?

அதை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பணம், அளவு, சட்டம், தேதி, தாமதத்துக்குச் சமாதானம், மறுபடி பணம். 'இவ்வளவு உயரம், இவ்வளவு அகலம், தலை மட்டும் முடிந்துவிட்டது, கைகள் பாக்கி, இத்தனை கினி அனுப்ப முடியுமா' என்ற ரகம்தான் பெரும்பகுதி. எந்தச் சுவரில் மாட்டுவது, எதற்கு எதிர்ப்பக்கம் எது என்ற பேச்சும் நிறைய.

எனக்கு இவை பிடிப்பதற்குக் காரணமே அதுதான். ரோசெட்டி படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கனவு, காதல், மரணம் என்று மிதப்பார்கள். கடிதத்தைப் படித்தால் அந்தக் கனவுக்கு ரசீது போட்டுக்கொண்டிருக்கும் ஓர் ஆளைப் பார்க்கலாம். அவருக்கு வியாபாரம் தெரியும். நன்றாகவே தெரியும்.

ஒரு கடிதத்தையாவது கொஞ்சம் விரித்துச் சொல்லுங்களேன்.

1872 ஜனவரி 25 தேதியிட்ட கடிதம். லேலண்டுக்கு ஒரு புதிய படம் வரைவதாக ரோசெட்டி எழுதுகிறார். பெண் ஏதோ ஆழ்ந்த நினைப்பில் இருக்கிறாள். சுவரில் ஒரு வயலின் தொங்குகிறது. ஒரு கை அதன் தந்திகளின்மேல் தன்போக்கில் ஊர்கிறது. மற்றக் கையில் வில். வாசிக்கத் தொடங்கப் போனவள், ஏதோ தோன்றி அப்படியே நின்றுவிட்டாள். நிறம் என்று பார்த்தால், படம் முழுக்கப் பச்சையின் வகைகளாகவே இருக்கப்போகிறது.

இதுதான் பின்னால் 'வெரோனிகா வெரோனீஸ்' என்ற படம். விலை 800 கினி. இன்று டெலவேர் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தின் முன்னால் நின்று, அல்லது நல்ல புகைப்படத்தைப் பெரிதாக்கி, இந்தக் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். சொன்னது அப்படியே வந்திருக்கிறது. கழுத்திலிருந்து கைவரை மடிப்பு மடிப்பாகச் சரியும் பச்சை வெல்வெட் (ரோசெட்டிக்கு மாடலாக இருந்த ஜேன் மோரிஸிடம் இரவல் வாங்கிய உடை), பின்சுவரிலும் பச்சை, அதற்கு நடுவே கூண்டின்மேல் ஒரு மஞ்சள் கேனரிப் பறவை, கீழே மஞ்சள் டாஃபடில் பூக்கள். தந்தியைத் தொடும் விரல் தொட்டும் தொடாமலும் இருக்கிறது.

கடிதத்தின் தந்திரத்தைக் கவனியுங்கள். லேலண்ட் இசைப் பித்தர். அவருக்கு விற்கும் படத்தில் வயலின். ஒரு பெண் வாசிக்கத் தொடங்குமுன் இருக்கும் நொடியை, தினம் பியானோமுன் உட்காருகிற ஒரு மனிதருக்கு விவரிக்கிறார். கான்வாஸில் வண்ணம் ஏறுமுன்னே படம் விற்றுவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். இதற்கு ஜோடியாக 'எ சீ-ஸ்பெல்' என்று பின்னொரு படமும் லேலண்டுக்கே போனது. அதில் ஒரு மரத்தில் தொங்கும் தந்திவாத்தியத்தை ஒருத்தி மீட்டுகிறாள். வாடிக்கையாளருக்கு எது பிடிக்கும் என்பது ரோசெட்டிக்கு மனப்பாடம்.

ஒரு சின்ன வேடிக்கையும் உண்டு. 'வெரோனிகா' படத்தின் சட்டத்தில் பிரெஞ்சு மொழியில் சில வரிகள் பொறித்திருக்கும், 'ஜிரோலாமோ ரிடோல்ஃபியின் கடிதங்களிலிருந்து' என்ற குறிப்போடு. அப்படி ஒரு கடிதத் தொகுப்பே கிடையாது. ரோசெட்டியோ அவர் நண்பரான கவிஞர் ஸ்வின்பர்னோ இட்டுக்கட்டியது.

கினி, பவுண்டு என்று மாற்றி மாற்றி வருகிறதே, என்ன கணக்கு?

ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். ஒரு கினிக்கு 21. கினி நாணயம் அடிப்பதை அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் கணக்கில் மட்டும் அது செத்துப்போகவில்லை. மருத்துவர், வக்கீல், ஓவியர் ஆகியோருக்குக் கொடுப்பது கினியில். தச்சர், தையற்காரர், மளிகைக்காரருக்குக் கொடுப்பது பவுண்டில். மேலே சொன்ன 800 கினி என்பது 840 பவுண்டு. நல்ல கைத்தொழில் தெரிந்தவருக்கே ஆண்டு முழுக்க நூறு பவுண்டு கிடைத்தால் பெரிது என்ற காலம் அது.

ஐந்து சதவீத வித்தியாசம்தானே என்று விட்டுவிடாதீர்கள். கினியில் கொடுத்தால் மரியாதை. பவுண்டில் கொடுத்தால், 'நீயும் என் வீட்டுக்கு வண்ணம் பூசுகிறவனும் ஒன்றுதான்' என்று அர்த்தம். இதே லேலண்டுக்கும் இன்னொரு ஓவியருக்கும் இதை வைத்தே ஒரு பெரிய ரகளை நடந்தது. கீழே வருகிறேன்.

முன்பணம் வாங்குவாரா?

வாங்காமல் தூரிகையைத் தொடமாட்டார். படம் பேசி முடித்ததும் ஒரு பங்கு, பாதி முடிந்ததும் ஒரு பங்கு, ஒப்படைக்கும்போது மீதி என்பது பொதுவான வழக்கம். ரோசெட்டி நடுநடுவே கூடுதலாகவும் கேட்பார். செல்சியில் 16, செய்ன் வாக் என்ற பெரிய வீடு, வேலையாட்கள், நீல-வெள்ளைச் சீனப் பாத்திரங்கள் சேர்க்கும் பைத்தியம், தோட்டத்தில் மயில், கங்காரு, பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு வாம்பட். செலவுக்கு என்ன குறைச்சல்?

இதில் கொடுத்தவர்கள் பட்ட பாட்டுக்கு ஓர் உதாரணம் போதும். 'ஃபவுண்ட்' என்ற படத்தை 1850-களில் தொடங்கினார். வண்டியில் கட்டிப் போட்ட கன்றுக்குட்டியை ஃபின்ச்லியில் நேரில் பார்த்து, மயிர் மயிராக வரைந்தார். 1859-ல் அந்தப் படத்துக்கு லெதார்ட் பணம் கொடுத்தார். படம் வரவில்லை, ஏற்பாடு ரத்தானது. பத்து வருடம் கழித்து அதே படத்துக்குக் கிரஹாம் பணம் கொடுத்தார். 1882-ல் ரோசெட்டி இறந்தபோதும் படம் முடிந்திருக்கவில்லை.

பணம் கொடுக்கிறவர் 'இதை மாற்று, அதை மாற்று' என்று சொல்வதுண்டா?

உண்டு. மிகப் பெரிய மாற்றம் 'லேடி லிலித்' படத்தில் நடந்தது.

யூதக் கதைகளில் ஆதாமின் முதல் மனைவி லிலித். நீண்ட பொன்னிறக் கூந்தலைச் சீவிக்கொண்டு, கைக்கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணாக ரோசெட்டி அவளை வரைந்தார். 1866 ஏப்ரலிலேயே லேலண்டுக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் படத்தின் பேச்சு வந்துவிடுகிறது. மாடலாக உட்கார்ந்தவர் ஃபேனி கார்ன்ஃபோர்த். ரோசெட்டி வீட்டை நிர்வகித்தவர், அவருடைய நெடுநாள் துணை. படம் முடிந்து லேலண்ட் கைக்கும் போய்விட்டது. அப்புறம் 1872 டிசம்பரில், லேலண்டின் விருப்பப்படி, படத்தைத் திரும்ப வாங்கி, கெல்ம்ஸ்காட் கிராமத்து வீட்டில் உட்கார்ந்து ஃபேனியின் முகத்தை அழித்துவிட்டு, அலெக்சா வைல்டிங் என்ற வேறொரு மாடலின் முகத்தை அந்த இடத்தில் வரைந்தார்.

ஃபேனியின் முகம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. 1867-ல் இதே படத்தை நீர்வண்ணத்தில் சிறிதாக ஒரு பிரதி எடுத்திருந்தார், உதவியாளர் டன்னின் துணையோடு. அது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீர்வண்ணத்தில் இருப்பவள் சதைப்பிடிப்பான முகமும் தடித்த உதடுமாக, ரத்தமும் சதையுமான ஒரு பெண். எண்ணெய் வண்ணத்தில் இருப்பவள் அழகான, உணர்ச்சி காட்டாத சிலை. ஆடவனை மயக்கி அழிப்பவள் லிலித் என்றால் எனக்கு முதல் முகம்தான் பொருத்தம். லேலண்டுக்கு அப்படித் தோன்றவில்லை. பணம் அவருடையது.

அப்படியானால் ரோசெட்டி சொன்னதைச் செய்கிற ஆளா?

முழுக்க அப்படியும் இல்லை. தனக்குப் பிடித்த கருவைக் கேட்காமலே கடிதத்தில் நுழைத்து, வாங்குகிறவரே அதை விரும்பியதுபோல ஆக்கிவிடும் திறமை அவருக்கு இருந்தது. தலை ஒன்று, கைகள் இரண்டு, பூக்கள், ஏதாவது வாத்தியம் என்ற ஒற்றைப் பெண் படங்கள் சுலபமாக விற்றன. அவற்றை விற்று, நடுவில் பெரிய படங்களுக்கும் இடம் பண்ணினார்.

எல்லோரிடமும் இந்த வித்தை செல்லவில்லை. 1867-ல் மேத்யூஸ் என்ற மது ஆலை முதலாளி, கிரேக்கப் புராண வீரன் பெர்சியஸ், பார்த்தவரைக் கல்லாக்கும் மெடூசாவின் வெட்டிய தலையைத் தண்ணீர்ப் பிரதிபலிப்பில் தன் காதலி ஆண்ட்ரோமெடாவுக்குக் காட்டும் படத்துக்கு ஒப்புக்கொண்டார். வெட்டுண்ட தலை வீட்டுச் சுவரில் தொங்கும் என்று யோசித்ததும் பயந்துபோய்ப் பின்வாங்கிவிட்டார். அந்தப் படம் எழவே இல்லை. மெடூசா தலை இல்லாமல் மெடூசா படம் எப்படி வரைவது என்று ரோசெட்டி கேட்டிருந்தால் அதில் நியாயம் உண்டு.

ஒரே படத்தைப் பலருக்கு விற்றார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. வெற்றி பெற்ற கருவை மறுபடி மறுபடி வரைவது அன்றைக்கு எல்லோரும் செய்ததுதான், ரோசெட்டி அதில் கொஞ்சம் தாராளம். முதலில் வாங்கியவருக்கு இது பிடிக்காது, தன்னுடையது ஒன்றே ஒன்று என்றுதானே அவ்வளவு கொடுத்தார்? அதனால் இரண்டாவதில் ஏதாவது மாற்றம் இருக்கும். 'தி பிளெஸ்ட் டாமஸல்' படத்தைக் கிரஹாமுக்கு வரைந்தபோது சொர்க்கத்துப் பெண்ணின் பின்னால் தழுவி நிற்கும் காதலர் ஜோடிகள் கூட்டமாக இருந்தார்கள். லேலண்டுக்கு வரைந்ததில் அந்த ஜோடிகள் இல்லை, தேவதைகளின் தலைகள் மட்டும்.

'பிரொசர்பைன்' கதை இன்னும் சிக்கல். கையில் கடித்த மாதுளையோடு பாதாள லோகத்தில் நிற்கும் ரோமானியத் தேவதை; மாடல் ஜேன் மோரிஸ். ரோசெட்டி இதைக் குறைந்தது ஏழு கான்வாஸ்களில் தொடங்கியிருக்கிறார். கண்ணாடி உடைந்தது, சட்டம் நொறுங்கியது, ஒன்று லேலண்டுக்குப் போகிற வழியில் சேதமாகித் திரும்பி வந்தது. அதற்குப் பதிலாக இன்னொன்று வரைந்து கொடுத்தார். இன்று லண்டன் டேட் அருங்காட்சியகத்தில், 1874 தேதியோடு இருப்பது அதுதான். சேதமானதைத் தூக்கியா போட்டார்? சரிசெய்து, 1877-ல் இன்னொருவருக்கு விற்றார்.

லேலண்ட் என்றால் கஞ்சன், முரடன் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். நிஜமா?

அந்தப் பெயர் வந்தது இன்னொரு ஓவியர் வழியாக. அமெரிக்காவில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஜேம்ஸ் மக்நீல் விஸ்லர். அவரும் லேலண்டுக்குக் கடிதம் எழுதியவர்தான், ஸ்பீக் ஹாலில் மாதக்கணக்கில் விருந்தாளியாக இருந்தவர்தான். லேலண்டையும் அவர் மனைவி ஃப்ரான்செஸையும் ஆளுயரத்துக்கு வரைந்திருக்கிறார்.

1876-ல் பிரின்சஸ் கேட் வீட்டின் சாப்பாட்டு அறையை தாமஸ் ஜெக்கில் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். சுவரில் பழைய தோல் விரிப்பு, அதன்மேல் பூ வேலை, முன்னால் சீனப் பாத்திரங்கள் வைக்க மரத்தட்டுகள். கணப்புக்கு மேலே விஸ்லரின் 'பீங்கான் நாட்டு இளவரசி' படம். தோலில் இருந்த சிவப்புப் பூக்கள் தன் படத்தைக் கெடுப்பதாக விஸ்லருக்குத் தோன்றியது. கொஞ்சம் மஞ்சள் தொட்டுச் சரிசெய்யட்டுமா என்றார். சரி என்று சொல்லிவிட்டு லேலண்ட் லிவர்பூல் போய்விட்டார். அவ்வளவுதான். தோல், கூரை, தட்டு, ஜன்னல் கதவு ஒன்று விடாமல் நீலமும் பொன்னுமாக மாற்றி, ஆளுயர மயில்களை வரைந்து தள்ளினார் விஸ்லர். வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் பத்திரிகைக்காரர்களையும் நண்பர்களையும் கூப்பிட்டு வேடிக்கை காட்டினார்.

பிறகு 2,000 கினி கேட்டார். இவ்வளவு பெரிய செலவை முன்கூட்டிச் சொல்லாமல் என் தலையில் கட்டியது தப்பு என்று அக்டோபரில் லேலண்ட் பதில் எழுதினார். பாதிதான் தருவேன் என்றார். கொடுத்தபோதும் பவுண்டாகக் கொடுத்தார்: 1,000 கினிக்குப் பதில் 1,000 பவுண்டு. என் ஷில்லிங்குகளை மழித்துவிட்டீர்கள், இன்னும் ஐம்பது பவுண்டு போயிற்று என்று விஸ்லர் குத்திக் காட்டி எழுதினார். அந்த அறைச் சுவரிலேயே பழியும் தீர்த்துக்கொண்டார். இரண்டு மயில்கள் சண்டைக்கு நிற்கின்றன, ஒன்றின் காலடியில் நாணயங்கள் சிதறிக் கிடக்கின்றன. அந்தப் பணக்கார மயிலின் தொண்டையில் வெள்ளி இறகுகள், லேலண்ட் விரும்பி அணிந்த சுருக்கம் வைத்த சட்டையைக் கேலி செய்ய.

அடுத்த ஆண்டு ஜூலையில் உறவு அடியோடு முறிந்தது. என் மனைவியோடு இனி உன்னைப் பார்த்தால் பொது இடத்தில் சவுக்கால் அடிப்பேன் என்று லேலண்ட் எழுதினார். 1879-ல் விஸ்லர் திவாலானபோது முக்கியமான கடன்காரர்களில் ஒருவர் லேலண்ட். விஸ்லர் கடைசியாக ஒரு படம் வரைந்து வைத்துவிட்டுப் போனார்: உடம்பெல்லாம் தங்கச் செதிலாக, மயில் போன்ற ஒரு பிராணி பியானோ வாசிக்கிறது, அது உட்கார்ந்திருப்பது விஸ்லர் பறிகொடுத்த வீட்டின்மேல்.

கதையை விஸ்லர் பக்கமிருந்தே உலகம் கேட்டது. அவர் வாயாடி, லேலண்ட் வாய் திறக்காதவர். எனக்கு இதில் லேலண்ட் பக்கம்தான் சாய்வு. சவுக்குப் பேச்சு அசிங்கம், ஷில்லிங்கைக் கழித்தது சின்னத்தனம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்காத வேலைக்கு 2,000 கினி பில் வந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? இதே லேலண்ட் ரோசெட்டிக்குப் பதினைந்து வருடத்துக்குமேல் கினிக் கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரே ஆள், ஒரே பணப்பை. ரோசெட்டி கான்வாஸைத் தொடுமுன் கருவையும் அளவையும் விலையையும் கடிதத்தில் எழுதி முடித்துவிடுவார். விஸ்லர் வரைந்து முடித்துவிட்டு விலை சொன்னார்.

அந்த மயில் அறையை லேலண்ட் என்ன செய்தார்?

இறக்கும்வரை அப்படியே வைத்திருந்தார். அங்கேதான் சாப்பிட்டார், தன்னைக் கேலி செய்யும் மயிலைப் பார்த்துக்கொண்டு. 1904-ல் சார்ல்ஸ் லாங் ஃப்ரீயர் என்ற அமெரிக்கர் அறையையே பெயர்த்து வாங்கினார். இப்போது வாஷிங்டன் ஃப்ரீயர் காட்சியகத்தில் இருக்கிறது.

விஸ்லர் கடிதங்களில் சண்டையைத் தவிர வேறொன்றும் இல்லையா?

இருக்கிறது. தேம்ஸ் நதியின் இரவுக் காட்சிகளை விஸ்லர் 'மூன்லைட்' என்றே அழைத்துக்கொண்டிருந்தார். 'நாக்டர்ன்' என்ற இசைப் பெயரை வைக்கச் சொன்னவர் பியானோ வாசிக்கும் லேலண்ட். பெயருக்காக எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது, விமரிசகர்களுக்கு அது எரிச்சல் மூட்டுவதைப் பார்க்க எனக்கு ஆனந்தம் என்று 1872-ல் விஸ்லர் அவருக்கு எழுதினார். கலை வரலாற்றில் ஒரு முழு வரிசைக்கே பெயர் வைத்தவர் கப்பல்காரர்.

ரோசெட்டிக்கும் லேலண்டுக்கும் சண்டையே வரவில்லையா?

உரசல்கள் உண்டு. தாமதம், விலை, நடுவில் புகுந்த தரகர்கள். அதிலும் சார்ல்ஸ் அகஸ்டஸ் ஹோவெல் என்றொருவர் இருந்தாரே, அவர் தனி ரகம். போர்ச்சுகலில் பிறந்தவர். பேச்சில் தேன். 1869-ல் ரோசெட்டியின் மனைவி எலிசபெத் சிடாலின் கல்லறையைத் தோண்டி, அவருடன் புதைத்த கவிதைக் கையெழுத்துப்படியை எடுத்துவர ஏற்பாடு செய்தவர் இவர்தான். பிறகு படம் விற்றுக் கொடுக்கும் முகவரானார். எது யாருக்கு விற்றது, எவ்வளவுக்கு விற்றது என்பதில் ஹோவெல் கைபட்டால் கணக்கு தெளிவாக இருக்காது.

1871-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரை ரோசெட்டியின் கவிதைகளை ஆபாசம் என்று தாக்கியது. அடுத்த ஆண்டு ஜூனில் அவருக்கு மனநிலை குலைந்தது. தூக்கத்துக்காகக் குளோரல் குடிக்கும் பழக்கம் ஏற்கெனவே இருந்தது, அது முற்றியது. எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்ற எண்ணம் வந்து பல பழைய நண்பர்களை வெட்டிவிட்டார். அந்த நேரத்தில் புரவலர்கள் கைவிடவில்லை என்பதைச் சொல்லவேண்டும். கிரஹாம் ஸ்காட்லாந்தில் தங்க வீடு கொடுத்தார். லேலண்டுக்கான 'லிலித்' முகமாற்றம், 'பிரொசர்பைன்', 'எ சீ-ஸ்பெல்' எல்லாம் அதற்குப் பிந்தியவை. உடம்பு சரியில்லாத மனிதரை வேலையில் பிடித்து நிறுத்தியதில் இந்தக் கடிதங்களுக்கும் பங்கு இருந்தது என்றே நினைக்கிறேன். தேதி கேட்டு ஒருவர் எழுதிக்கொண்டே இருந்தால், எழுந்து உட்கார்ந்துதானே ஆகவேண்டும்?

மாடல்களாக இருந்த பெண்களின் குரல் எங்காவது கேட்கிறதா?

இந்தக் கடிதங்களில் கேட்காது. ஸ்ட்ராண்ட் தெருவில் 1865-ல் ரோசெட்டி கண்ணில் பட்டவர் அலெக்சா வைல்டிங். வேறு யாருக்கும் மாடலாக உட்காராமல் இருக்க அவருக்கு வாராவாரம் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார். லேலண்ட் சுவரில் தொங்கிய பல முகங்கள் அவருடையவை. ஃபேனி கார்ன்ஃபோர்த்துக்கு ரோசெட்டி எழுதிய கடிதங்கள் தனியாகத் தப்பிப் பிழைத்தன. யானை என்று செல்லமாகக் கூப்பிட்டு, யானைப் படம் போட்டு எழுதியவை. லேலண்டுக்கு எழுதும் வியாபாரக் கையா இது என்று தோன்றும்.

கடைசியில் என்ன ஆயிற்று?

1882 ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. கென்ட் கடற்கரையில் பர்ச்சிங்டன் என்ற ஊரில் ரோசெட்டி இறந்தார். பக்கத்தில் ராம்ஸ்கேட்டில் தங்கியிருந்த லேலண்ட் அந்தக் கடைசி நாட்களில் வந்து பார்த்துப் போனார். அடுத்த ஆண்டு ராயல் அகாடமியில் நினைவுக் கண்காட்சி நடந்தபோதுதான், பணக்காரர் வீட்டு வரவேற்பறைகளுக்குள் இருந்த அந்தப் படங்களைப் பொதுமக்கள் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

லேலண்ட் 1892 ஜனவரியில் லண்டன் சுரங்க ரயிலில், பிளாக்ஃப்ரையர்ஸ் அருகே உயிர்விட்டார். பிராம்ப்டன் கல்லறையில் அவர் சமாதியை வடிவமைத்தவர் ஓவியர் பர்ன்-ஜோன்ஸ். அவரும் லேலண்டிடம் பணம் வாங்கிப் படம் வரைந்தவர்தான். மே மாதம் கிறிஸ்டிஸ் ஏலத்தில் சேகரிப்பு சிதறியது. டெலவேர் மாநிலத்தில் துணி ஆலை வைத்திருந்த சாமுவேல் பேன்கிராஃப்ட் 'லேடி லிலித்'தை வாங்கினார்.

நேரில் பார்க்க எங்கே போகவேண்டும்?

'லேடி லிலித்', 'வெரோனிகா வெரோனீஸ்', 'நெமோசைனி', முடியாத 'ஃபவுண்ட்' நான்கும் அமெரிக்காவின் வில்மிங்டனில், டெலவேர் கலை அருங்காட்சியகத்தில். 'எ சீ-ஸ்பெல்'லும் கிரஹாமின் 'டாமஸல்'லும் ஹார்வர்டில். லேலண்டின் 'டாமஸல்' லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், போர்ட் சன்லைட்டில். 'தி லவிங் கப்' டோக்கியோவுக்குப் போய்விட்டது, 'ரோமன் விடோ' போர்ட்டோ ரிக்கோவுக்கு. ஒரே ஊரில் பாதியாவது பார்க்கவேண்டும் என்றால் வில்மிங்டன்தான் சரி. அங்கே போகுமுன் நியூயார்க்கில் இறங்கி, மெட்ரோபாலிட்டனில் இருக்கும் சின்ன 'லிலித்' காட்சியில் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் வரைந்த நீர்வண்ணம் என்பதால் எப்போதும் வெளியே வைக்கமாட்டார்கள்.